கார்புரேட்டர்க் கசிவு: காரணமும் தீர்வும்

மோட்டார் சைக்கிள் இன்று நடுத்தரக் குடும்பங்களின் இன்றியமையாப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், கடைக்குச் சரக்கு எடுத்து வருவதற்கும், முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும் அதுவே துணை. நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தைக் காலை வேளையில் ஒருமுறை சுற்றி வந்தால், மாணவர் வண்டிகளும் ஆசிரியர் வண்டிகளும் வரிசையாக நிற்கக் காணலாம். அவற்றுள் பழைய வண்டிகள் சிலவற்றின் அடியில், தரையில் ஓர் ஈரத் திட்டு தெரியும். அருகே சென்றால் பெட்ரோல் மணக்கும். வண்டிக்குரியவரைக் கேட்டால், "கொஞ்சம் ஓவர்ஃப்ளோ ஆகுது சார், டேப்பை மூடிட்டா நின்னுடும்" என்பார். இந்தக் 'கொஞ்சம்' என்னும் சொல்லே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இயந்திரப் பொருளுக்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். நாம் நாள்தோறும் கையாளும் கருவியைப் பற்றிய அறிவும் தமிழில் எழுதப்பட வேண்டியதே. பட்டறைத் தொழிலாளர் கைப்பழக்கமாகவும் வாய்மொழியாகவும் போற்றிவரும் நுட்பங்களை அவர்தம் சொற்களோடு எடுத்துரைத்து, கசிவின் காரணத்தை முறையாகக் கண்டறியும் வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்புரேட்டர்: ஓர் அறிமுகம்

பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்தே எரிகின்றது. எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று கலவை அமைந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும் என்பது வேதியியல் கணக்கு. அத்தகைய கலவையை ஆயத்தம் செய்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியே கார்புரேட்டர் ஆகும். கலப்பி எனத் தமிழில் இதனைச் சுட்டலாம். எனினும் பட்டறை வழக்கை ஒட்டிக் கார்புரேட்டர் என்றே ஈண்டு வழங்குவோம்.

குறுகிய வழியில் பாயும் காற்றின் விரைவு மிகும். அவ்விடத்தில் அழுத்தம் குறையும். இவ்வுண்மையை ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரி (1746–1822) என்பாரின் பெயராலேயே கார்புரேட்டரின் இடுங்கிய தொண்டைப் பகுதி அழைக்கப்படுகின்றது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது தொண்டையில் அழுத்தம் குறைய, கீழேயுள்ள கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், ஜெட் எனப்படும் நுண்துளைப் பித்தளைத் திருகின் வழியே மேலெழுந்து, பூந்தூறலாகக் காற்றில் கலக்கின்றது. 1893-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் இத்தகைய தெளிப்பு முறைக் கார்புரேட்டரை உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா ஆகிய இருவரும் அவ்வகைக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர்.

நம் நாட்டில் 1985-இல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் வந்து 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100, 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டர், சென்னைத் திருவொற்றியூரில் பல்லாண்டுகள் உருவான பழைய புல்லட் ஆகிய யாவும் கார்புரேட்டர் வண்டிகளே. 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளுள் பெரும்பாலானவை மின்னணுவியல் முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புக்கு மாறிவிட்டன. எனினும், அதற்கு முன் விற்ற வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை ஓடும் காலம்வரை இப்பழைய கருவியைப் பேணும் அறிவும் வேண்டும்.

மிதவையும் ஊசியும்

கசிவைப் புரிந்துகொள்ள, கார்புரேட்டரின் அடிப்பகுதியில் உள்ள கிண்ணத்தை அறிந்தால் போதும். நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவைப் பந்து இருக்கும். தண்ணீர் உயர உயரப் பந்தும் உயர்ந்து, குழாயின் வாயை அடைக்கும்; தண்ணீர் குறைந்தால் பந்து தாழ்ந்து வாய் திறக்கும். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் நிகழ்வதும் இதுவே.

கிண்ணத்தினுள் பிளாஸ்டிக் அல்லது பித்தளையாலான மிதவை ஒன்று, ஒரு சிறு அச்சாணியில் மேலும் கீழும் அசைகின்றது. பட்டறையில் இதனை ஃப்ளோட் என்பர். மிதவையின் நாக்கு போன்ற பகுதி, கூம்பு முனையுடைய சிறிய ஊசியைத் தாங்கி நிற்கின்றது. பெட்ரோல் போதிய மட்டத்தை அடைந்ததும் மிதவை எழுந்து, ஊசியின் முனையை அதற்குரிய இருக்கையில் அழுத்தி வழியை அடைத்துவிடும். பல கார்புரேட்டர்களில் இவ்வூசியின் முனை, பெட்ரோலைத் தாங்கவல்ல ரப்பரால் ஆனது. ஊசியை நீடில் என்றும், இருக்கையை ஸீட் என்றும் தொழிலாளர் வழங்குவர்.

கார்புரேட்டரில் இரண்டு ஊசிகள் உண்டு என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது மேலெழுந்து கலவையின் அளவைக் கூட்டும் நீண்ட ஊசி ஒன்று. மிதவையோடு சேர்ந்து பெட்ரோலை நிறுத்தும் குட்டை ஊசி மற்றொன்று. உதிரிப்பாகக் கடையில் 'நீடில்' என்று மட்டும் கேட்டால் வேறொன்று கைக்கு வரக்கூடும். 'ஃப்ளோட் நீடில்' என்று கேட்பதோடு, பழைய ஊசியையும் எடுத்துச் செல்வது நலம்.

இவ்வூசி எத்துணை மென்மையான காவலன் என்பதைச் சிறு கணக்கால் உணரலாம். தொட்டியின் பெட்ரோல் மட்டம், கிண்ணத்திற்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஊசி அடைக்கும் துளையின் விட்டம் 2 மி.மீ. எனின், பெட்ரோல் ஊசியைத் தள்ளும் விசை ஒரு கிராம் எடைக்கும் குறைவே ஆகும். அவ்வளவு சிறிய விசையைத் தடுத்து நிறுத்துவதற்காக அமைந்த கருவி இது. ஆதலால் தொட்டியிலிருந்து வரும் துருத்துகள் ஒன்று ஊசிக்கும் இருக்கைக்கும் இடையே சிக்கினாலும் போதும். வழி முழுதும் அடைபடாது. பெட்ரோல் ஓயாது இறங்கிக்கொண்டே இருக்கும்.

அவ்வாறு மிகுதியாக இறங்கும் பெட்ரோல் எஞ்சினுக்குள் புகாமல் வெளியேறுவதற்காகவே, பல கார்புரேட்டர்களின் கிண்ணத்தில் செங்குத்தான சிறு பித்தளைக் குழாய் ஒன்றைப் பதித்துள்ளனர். மட்டம் அளவு கடந்தால் பெட்ரோல் இக்குழாயின் மேல்வாய் வழியே கீழே சொட்டும். இதனையே ஓவர்ஃப்ளோ என்கிறோம். இக்கட்டுரையில் இதனை வழிகுழாய் எனக் குறிப்போம். ஆகவே, அடியில் சொட்டும் பெட்ரோல், உள்ளே ஊசி தன் கடமையைச் செய்யவில்லை என்று வண்டி நமக்குத் தரும் அறிவிப்பாகவும் கொள்ளத்தக்கது.

கசிவால் விளையும் கேடுகள்

முதற்கேடு தீ. பெட்ரோல், சுழியத்திற்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவிலான குளிரிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும் இயல்பினது. அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலின் மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தரையாகப் படர்ந்து தாழ்வான இடங்களில் தேங்கும். நம் ஊர்களில் திருட்டுக்கு அஞ்சி இரவில் வண்டியை வீட்டு நடையிலோ முன்கூடத்திலோ மாடிப்படியின் அடியிலோ நிறுத்திக் கதவை அடைத்துவிடுவது வழக்கம். அதே தளத்தில் சமையலறையும் இருக்கும். மின்விசைப் பொத்தான்களும் இருக்கும். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைப்பவர், முன்கூடத்தில் ஆவி தேங்கியிருப்பதை அறியார். கசியும் வண்டியை வீட்டினுள் நிறுத்துதல் ஒருபோதும் கூடாது என்பதை இக்கட்டுரையின் தலையாய செய்தியாகக் கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டாம் கேடு எஞ்சினுக்கு. வழிகுழாய் இல்லாத கார்புரேட்டரிலும், வழிகுழாய் அடைபட்ட கார்புரேட்டரிலும் மிகுதியான பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கும். நான்கு வீச்சு எஞ்சினில் அது சிலிண்டர் சுவர் வழியே வழிந்து கீழேயுள்ள எண்ணெயில் கலக்கும். 100 சி.சி. வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெயே இருக்கின்றது. அதில் 100 மில்லி பெட்ரோல் கலந்தாலும் எண்ணெய் நீர்த்து, உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் காணப்படாமல், உள்ளே இயந்திரம் தேய்ந்துகொண்டிருக்கும் நிலை இது. வெளியே சொட்டும் கசிவினும் இம்மறைவான கசிவே எஞ்சினுக்குப் பெருங்கேடு செய்வதாகும்.

மூன்றாவது பொருளிழப்பு. நிமிடத்திற்கு ஒரு மில்லி என்ற அளவில் கசிந்தாலும், இரவு பத்து மணி நேரத்தில் 600 மில்லி வீணாகும். மாதக் கணக்கில் பார்த்தால், மாற்ற வேண்டிய சிறு ஊசியின் விலை அதன்முன் ஒரு பொருட்டன்று.

தொடங்குமுன் காவல்

வண்டியைத் தொடுமுன் சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். வண்டியை வெளிப்புறத்தில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். எஞ்சினும் சைலன்சரும் நன்கு ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட வேண்டும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு, விளக்கு எதுவும் ஆகாது. வெளிச்சம் வேண்டுமெனில் டார்ச் விளக்கைச் சற்று எட்டவே வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் டேப்பை மூடிய பின்னரே எதனையும் கழற்ற வேண்டும். வடியும் பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கலத்தில் பிடிக்க வேண்டும். குடிநீர்ப் பாட்டிலில் பிடித்து வைப்பது குழந்தைகளுக்கு ஆபத்தாய் முடியும். ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொள்வதும், பெட்ரோல் துடைத்த துணியை வெளியில் உலர்த்துவதும் நன்று.

கசியும் இடத்தைக் காணல்

நோயை இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னர்த் தீர்வு செய்யும் ஒழுங்கைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்துகின்றது. இயந்திர நோய்க்கும் அவ்வொழுங்கே பொருந்தும். காரணம் அறியாமல் திருகுகளை இறுக்குவதும், பசை பூசுவதும், முழுக் கார்புரேட்டரையே மாற்றுவதும் வீண் செலவாகவே முடியும்.

கார்புரேட்டர், குழாய், டேப் ஆகியவற்றின் வெளிப்புறத்தைத் துணியால் நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். பின்னர் ஐயத்திற்குரிய மூட்டுகளின் மீது வகுப்பறைச் சாக்பீஸை லேசாகத் தேய்க்கலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அடியில் செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எஞ்சினை இயக்க வேண்டியதில்லை. ஈரம் பட்ட இடத்தில் சாக்பீஸ் பூச்சு நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாட்டு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்திருக்கும்போது கிண்ணத்தில் பெட்ரோலும் ஒருபுறம் சாயுமாதலால், அந்நிலையில் செய்யும் சோதனை நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லக்கூடும்.

பெட்ரோல் எப்போதும் கீழ்நோக்கியே வழியும். ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த இடமே கசிவின் பிறப்பிடம் ஆகும். அது பெரும்பாலும் நான்கு இடங்களுள் ஒன்றாக இருக்கும். டேப்பின் அடியிலோ ரப்பர்க் குழாயின் முனைகளிலோ ஈரம் தொடங்கினால் கார்புரேட்டரில் குற்றமில்லை. கிண்ணமும் மேலுடலும் சேரும் மூட்டைச் சுற்றி ஈரமிருப்பின் கேஸ்கட் கெட்டிருக்கலாம். வடிதிருகைச் சுற்றி மட்டும் ஈரமிருந்தால் அதன் வளையமோ மரையோ பழுதாகியிருக்கலாம். இவை யாவும் உலர்ந்திருக்க, அடியிலுள்ள வழிகுழாயின் முனையிலிருந்து மட்டும் சொட்டினால், மிதவை, ஊசி, இருக்கை, வழிகுழாய் ஆகியவற்றுள் ஒன்று குற்றமுடையது எனத் துணியலாம்.

இங்கே பலர் இடறுவதுண்டு. பல கார்புரேட்டர்களில் வடிதிருகின் வழியும் வழிகுழாயின் வழியும் அடியில் ஒரே முனையில் வந்து சேர்கின்றன. எனவே அங்கே சொட்டுவதைக் காண்போர் வடிதிருகு தளர்ந்துவிட்டது எனக் கருதி, மேன்மேலும் இறுக்குவர். கிண்ணத்தின் மென்மையான உலோகம் தாங்காமல் மரை அழிந்துவிடும். ஒரு பழுது இரு பழுதாகும்.

கழற்றாமல் செய்யும் முயற்சி

வழிகுழாயில் சொட்டுவது தெரிந்ததும் உடனே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. டேப்பை மூடி, வடிதிருகைத் தளர்த்திக் கிண்ணத்தின் பெட்ரோலைக் கலத்தில் வடிக்க வேண்டும். பின்னர்ச் சில நொடிகள் டேப்பைத் திறந்து பெட்ரோலை ஓடவிட்டால், ஊசியருகே தங்கிய தூசு அடித்துச் செல்லப்படலாம். திருகை மூடி, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால், சிக்கிய ஊசி விடுபடுவதும் உண்டு. இதனால் கசிவு நின்று, மீண்டும் தலைகாட்டாவிடில் காரணம் தூசியே. வடித்த பெட்ரோலின் அடியில் செந்நிறத் துகள் படிந்திருந்தால், தொட்டி துருப்பிடித்துள்ளது எனப் பொருள். தொட்டியையும் டேப்பின் வலையையும் தூய்மை செய்து, குழாயின் இடையில் ஒரு சிறு வடிகட்டியையும் பொருத்தினாலன்றி இத்தொல்லை திரும்பத் திரும்ப வரும்.

கழற்றிக் காணல்

மேற்கண்ட முயற்சி பயன் தராவிடில் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். கிண்ணத்தின் திருகுகளில் பொருந்தும் அளவுள்ள ஸ்குரூ டிரைவரையே பயன்படுத்த வேண்டும்; பொருந்தாத கருவி திருகின் தலையை அழித்துவிடும். தரையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால் சிறு பாகங்கள் தொலையா. மிதவையின் அச்சாணியை மெல்லத் தள்ளி எடுத்தால் மிதவையும் ஊசியும் கையில் வரும்.

முதலில் ஊசியின் முனையைப் பார்க்க வேண்டும். கூம்பு முனையைச் சுற்றி வளையம்போல் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் ஊசி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஊசியின் பின்புறத்தில் ஸ்பிரிங்கோடு கூடிய சிறு முனை இருப்பின், அதனை விரலால் அழுத்தி விட, தடையின்றி மீள வேண்டும். அடுத்து இருக்கையை நோக்க வேண்டும். அங்கே பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தால், பெட்ரோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கலாம். உப்புத்தாளோ கம்பியோ கொண்டு தேய்த்தால் இருக்கையின் வழவழப்பு கெட்டு, புது ஊசியும் அதில் பொருந்தாது. சில வகைகளில் இருக்கையைத் திருகி எடுத்து ஊசியோடு சேர்த்து மாற்றலாம். உடலோடு அழுத்திப் பொருத்தப்பட்ட இருக்கை தேய்ந்துவிட்டால் மட்டுமே முழுக் கார்புரேட்டரை மாற்றும் தேவை எழுகின்றது.

மூன்றாவதாக மிதவை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே நீர்மம் அசையும் ஒலி கேட்குமாயின் மிதவையில் ஓட்டை உள்ளது. அது கனத்து மூழ்குவதால் ஊசியை மூடும் ஆற்றலை இழந்துவிட்டது. ஒலி கேளாதபோதும் ஐயம் இருந்தால், வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகின்றதா எனப் பார்க்கலாம். பித்தளை மிதவையின் ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைப்பது பழைய வழக்கம். உள்ளே பெட்ரோல் ஆவி எஞ்சியிருக்கும் நிலையில் சூடுகாட்டினால் அது வெடிக்கக்கூடும். புதியதை வாங்குவதே அறிவுடைமை. மிதவையின் அச்சாணி வளைந்தோ அழுக்கேறியோ இருந்தாலும் மிதவை இடையில் நின்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது.

நான்காவதாக வழிகுழாய். கிண்ணத்தை நேராகப் பிடித்து, வழிகுழாயின் மேல்வாய்க்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோலை ஊற்றிப் பார்க்க வேண்டும். அந்நிலையிலும் அடியில் சொட்டினால், வடிதிருகு செம்மையாக இருப்பதையும் உறுதி செய்துகொண்டு, குழாய் வெடித்துள்ளது அல்லது அதன் அடிப்பிடிப்பு தளர்ந்துள்ளது எனலாம். ஊசியை எத்தனை முறை மாற்றினாலும் இக்கசிவு நில்லாது. 'எல்லாம் மாற்றியும் நிற்கவில்லை' என வருந்துவோர் தவறாமல் செய்து பார்க்க வேண்டிய எளிய சோதனை இது.

மிதவையின் உயரம்

புதிய ஊசியும் நல்ல மிதவையும் இருந்தும் மட்டம் உயர்வதுண்டு. மிதவையின் நாக்கு வளைந்து, ஊசி காலந்தாழ்த்தி மூடுவதே காரணம். கார்புரேட்டரைத் தலைகீழாகச் சாய்த்து, மிதவையின் நாக்கு ஊசியின் ஸ்பிரிங் முனையை அழுத்தாமல் தொடுமளவில் நிறுத்தி, கேஸ்கட் அமரும் தளத்திலிருந்து மிதவையின் உச்சிவரை அளக்க வேண்டும். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் இவ்வளவு வேறுபடும்; வண்டியின் பழுதுநீக்கக் கையேட்டில் மில்லிமீட்டர் கணக்கில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே மயக்கம் நேராமல் காத்தல் வேண்டும். தலைகீழ் நிலையில் அளந்த உயரம் குறித்த அளவினும் குறைவாயின், ஓட்டத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்து கசியும். உயரம் மிகுதியாயின் மட்டம் தாழ்ந்து, விரைந்து செல்லும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமற்போகும். உலோக நாக்கு உள்ள மிதவையில், மூக்குக் குறடால் நாக்கைப் பிடித்து மிகச் சிறிதளவே வளைத்து இதனைச் சீர்செய்யலாம். வளைக்கும் அழுத்தம் ஊசியின் மீது படலாகாது. முழுதும் பிளாஸ்டிக்காலான மிதவையை வளைக்க இயலாது; அளவு மாறியிருந்தால் மாற்ற வேண்டும்.

மீண்டும் பூட்டுமுன், மிதவையைப் பொருத்திய கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் முனையில் தூய குழாயைச் செருகி வாயால் மெல்ல ஊதிப் பார்க்கலாம். மிதவை தன் எடையால் ஊசியை அழுத்தியிருக்கும்போது காற்று செல்லலாகாது. மிதவையை விரலால் தூக்கினால் தாராளமாகச் செல்ல வேண்டும். ஊதலாமேயன்றி உறிஞ்சுதல் கூடாது.

மூட்டுகளும் குழாய்களும்

கிண்ணத்தின் கேஸ்கட் தட்டையாகி இறுகியிருந்தால் அதே அளவுள்ள புதியதை இட வேண்டும். அதற்குப் பதிலாகப் பசை பூசுவது பரவலான பழக்கம். சாதாரணப் பசைகள் பெட்ரோலில் இளகி, துணுக்குகளாகப் பிரிந்து ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடும். கிண்ணத்தின் திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்கினால் கிண்ணம் கோணாது. ரப்பர்க் குழாயின் முனை வெடித்திருந்தால், பெட்ரோலுக்கென்றே செய்த குழாயையே வாங்க வேண்டும். தண்ணீருக்குரிய பிளாஸ்டிக் குழாய் பெட்ரோலில் சில நாளிலேயே விறைத்துவிடும். எஞ்சின் சூட்டில் கழன்று விழவும் கூடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. அதனை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர்ப் பாகங்கள் உப்பியோ இறுகியோ போகக்கூடும். ஆதலால் பழைய வண்டியுடையோர் குழாய், கேஸ்கட், ஊசிமுனை ஆகியவற்றை முன்னினும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. பல வாரங்கள் வண்டியை எடுக்காமல் வைப்பதாயின், டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட்டால் பிசின் படியாது.

எண்ணெயைப் பாராமல் இயக்காதீர்

கசிவை நிறுத்தியவுடன் எஞ்சினை இயக்கிப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும். அதற்குமுன் நான்கு வீச்சு வண்டியில் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தல் இன்றியமையாதது. எண்ணெய் மேற்கோட்டைக் கடந்து உயர்ந்திருந்தாலும், பெட்ரோல் மணம் வீசினாலும், விரலில் தொட்டால் நீர்போல் வழிந்தாலும் எண்ணெய் முழுவதையும் மாற்ற வேண்டும். கிக்கர் வழக்கத்திற்கு மாறாக இறங்க மறுத்தால் சிலிண்டரினுள் பெட்ரோல் தேங்கியிருக்கலாம். வலிந்து மிதித்தால் உள்ளுறுப்புகள் வளையும். அந்நிலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே தேர்ந்த தொழிலாளரிடம் சேர்ப்பதே தக்கது.

யாவும் பூட்டியபின், அடியில் புதுச் செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து கால்மணி நேரம் பார்க்க வேண்டும். தாள் உலர்ந்திருந்தால் எஞ்சினை இயக்கலாம். ஓரிரு இரவுகள் வண்டியை வெளியிலேயே நிறுத்திச் சோதித்த பின்னரே வீட்டினுள் கொண்டுவர வேண்டும்.

நிறைவாக

இவ்வேலைகள் அனைத்தையும் எல்லாரும் தாமே செய்ய வேண்டும் என்பது நம் கருத்தன்று. பட்டறைக்குச் செல்வோரும், எங்கே கசிகின்றது, ஊசி தேய்ந்துள்ளதா, மிதவையின் உயரத்தை அளந்தாயிற்றா, வழிகுழாயைச் சோதித்தாயிற்றா, எண்ணெயில் பெட்ரோல் கலந்துள்ளதா என்னும் ஐந்து கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும். தொழிலாளரும் தம் கைத்திறனை மதித்துக் கேட்பவரிடம் மகிழ்ந்து விளக்குவர் என்பது அவர்களோடு பழகி நாம் அறிந்தது.

டேப்பை மூடி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது கசிவுக்கு மருந்தாகாது. ஒருநாள் மறதியாய்த் திறந்து விட்டால் அவ்விரவே பெட்ரோல் வீட்டுத் தரையில் பரவும். ஒரு சிறு ஊசியும் அரைநாள் உழைப்பும் தடுத்துவிடக்கூடிய ஆபத்தைக் 'கொஞ்சம்' என்று கூறிக் கடந்து செல்லாமல், மாணவர்களும் பெரியோர்களும் இன்று மாலையே தத்தம் வண்டியின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பார்ப்பார்களாக.